மாற்று மூச்சுக்குழாய்: குழாயைவிட ரத்த ஓட்டம்தான் பெரிய சிக்கல்

குரல்வளைக்குக் கீழே, நெஞ்செலும்புக்குச் சற்று மேலே இருக்கும் பள்ளத்தில் விரலை வைத்து லேசாக அழுத்திப் பாருங்கள். வரிவரியாக ஒரு குழாய் தட்டுப்படும். அதுதான் மூச்சுக்குழாய். வளர்ந்தவர்களுக்கு 10 முதல் 13 செ.மீ. நீளம், உள்ளே ஒன்றரை முதல் 2 செ.மீ. அகலம், சுவரின் கனம் சுமார் 3 மி.மீ. விரலில் படும் வரிகள் குருத்தெலும்பு வளையங்கள். 16 முதல் 20 வரை இருக்கும். இவை முழு வளையங்கள் அல்ல, குதிரை லாடம்போலப் பின்பக்கம் திறந்தவை. திறந்த பக்கத்தைத் தசையும் சவ்வும் மூடியிருக்கின்றன. அதை ஒட்டியே உணவுக்குழாய் இறங்குகிறது.

சிறுநீரகம், கல்லீரல், இதயம் எல்லாவற்றையும் மாற்றி வைக்கிறார்கள். இந்தச் சாதாரணக் குழாயை மாற்றுவது மட்டும் ஏன் இன்னும் வாடிக்கையான சிகிச்சையாக வரவில்லை? விடை அந்த 3 மி.மீ. சுவருக்குள் இருக்கிறது. அதைப் புரிந்துகொண்டால், செல்களைக் கொண்டு உறுப்பு வளர்க்கப் பார்க்கும் திசுப் பொறியியல் என்ற துறை இந்த இடத்தில் என்ன செய்யப் பார்க்கிறது, எங்கே வழுக்கி விழுந்தது என்பதெல்லாம் தானாகவே விளங்கும்.

அந்தச் சுவர் செய்யும் வேலைகள்

முதல் வேலை, திறந்தபடியே இருப்பது. மூச்சை இழுக்கும்போது குழாய்க்குள் அழுத்தம் குறைகிறது. வெறும் சதைக்குழாயாக இருந்தால் உறிஞ்சிய ஸ்ட்ராபோல ஒட்டிக்கொள்ளும். குருத்தெலும்பு அதைத் தடுக்கிறது. அதே சமயம் கழுத்தை நிமிர்த்தும்போதும் விழுங்கும்போதும் குழாய் நீண்டு சுருங்க வேண்டும். பக்கவாட்டில் விறைப்பு, நீளவாட்டில் நெகிழ்வு: இந்த இரண்டையும் ஒரே பொருளில் கொண்டுவருவது பொறியாளர்களுக்கு எளிதல்ல.

இரண்டாவது வேலை, துப்புரவு. உட்புறச் செல்கள் ஒவ்வொன்றிலும் ஏறத்தாழ 200 நுண்மயிர்கள் இருக்கின்றன. நொடிக்குப் பத்துப் பதினைந்து முறை அவை ஒரே திசையில் வீசி, சளியை நிமிடத்துக்குச் சில மில்லிமீட்டர் வேகத்தில் தொண்டைக்கு ஏற்றிவிடுகின்றன. நுண்ணோக்கியில் பார்த்தால், கதிர் வாங்கிய வயலில் காற்று அலை ஓடுவதுபோல இருக்கும். இந்தப் படலம் இல்லாத இடத்தில் சளி தேங்கும், காய்ந்து கட்டியாகும், அதில் கிருமி குடியேறும்.

மூன்றாவது, காவல். நாம் இழுக்கும் காற்றில் தூசியும் கிருமியும் கலந்தே வருகின்றன. செயற்கை மூட்டு வைத்தால் அதைத் தசையும் தோலும் மூடிவிடும். மூச்சுக்குழாயில் வைப்பது எதுவானாலும் அதன் ஒரு முகம் எந்நேரமும் வெளியுலகத்தைப் பார்த்தபடி இருக்கும்.

இதற்கெல்லாம் ரத்தம் வேண்டும். சிறுநீரகத்துக்கு ஒரு தமனி, ஒரு சிரை என்று தெளிவான குழாய்கள் உண்டு. எடுத்துத் தைத்தால் ரத்தம் ஓடத் தொடங்கும். மூச்சுக்குழாய்க்கு அப்படி ஒரு தனித் தமனி கிடையாது. மேல்பாதிக்குத் தைராய்டுத் தமனியின் கிளைகள், கீழ்ப்பாதிக்கு நுரையீரல் கிளைக்குழாய்களுக்குப் போகும் தமனிகள் என்று மயிரிழைபோன்ற நாளங்கள் இரு பக்கமும் துண்டுதுண்டாக வந்து நுழைகின்றன. குழாயை வெட்டி எடுத்தால் அவையெல்லாம் அறுந்துபோகும். பிடித்துத் தைக்க எதுவும் மிஞ்சாது. இந்தக் கட்டுரையின் மற்ற பகுதி முழுவதும் இந்த ஒரு சிக்கலைச் சுற்றியே வரும்.

குழாய் எப்படிக் கெடுகிறது

புற்றுநோய், விபத்து, நெருப்புப் புகை, பிறவியிலேயே முழு வளையங்களோடு குறுகிய குழாய் என்று காரணங்கள் பல. ஆனால் அதிகம் பார்க்கக்கூடியது வேறு: தீவிர சிகிச்சைப் பிரிவில் வென்டிலேட்டருக்காகப் போட்ட டியூப். டியூபின் நுனியில் காற்று ஊதிய ஒரு சிறு பலூன் இருக்கும். அதன் அழுத்தம் 20 முதல் 30 செ.மீ. நீர் அளவுக்குள் நிற்க வேண்டும். அதைத் தாண்டினால் சளிப்படலத்தின் தந்துகிகளில் ரத்தம் நின்றுவிடும். அந்த இடம் புண்ணாகி, பிறகு தழும்பாகி, வட்டமாக இறுகும். பூச்சிமருந்து குடித்தவர்கள், தலையில் அடிபட்டவர்கள், கொரோனாவில் வாரக்கணக்கில் வென்டிலேட்டரில் இருந்தவர்கள் உயிர் தப்பி வீட்டுக்கு வந்த பிறகு இந்தச் சுருக்கம் தலைகாட்டும்.

இங்கே ஒரு எச்சரிக்கை. இதை ஆஸ்துமா என்று நினைத்து மாதக்கணக்கில் இன்ஹேலர் கொடுப்பது அடிக்கடி நடக்கிறது. மூச்சை உள்ளே இழுக்கும்போதே கழுத்துப் பக்கம் கரகரவென்று சத்தம் வருகிறது, இன்ஹேலருக்கு அசையவில்லை, சில வாரங்களுக்கோ மாதங்களுக்கோ முன்பு டியூப் போட்டிருந்தார்கள் என்றால், கழுத்து சி.டி. ஸ்கேனும் பிராங்கோஸ்கோப்பியும் (மூச்சுக்குழாய்க்குள் கேமரா விட்டுப் பார்ப்பது) செய்யச் சொல்லிக் கேட்க வேண்டும். குழாயின் அகலம் 8 மி.மீ. அளவுக்குக் குறையும்போது நடந்தாலே மூச்சு வாங்கும், 5 மி.மீ. அளவுக்கு வந்தால் சும்மா உட்கார்ந்திருக்கும்போதே திணறும். சீராக ஓடும் காற்றுக்குத் தடை, ஆரம் குறையக் குறைய அதன் நான்காம் அடுக்கில் ஏறுகிறது, அதாவது அகலம் பாதியானால் தடை 16 மடங்கு. அதனால்தான் கொஞ்ச நாள் சமாளித்தவர் ஒரு சளிப்பிடிப்பில் திடீரென்று மோசமாகிவிடுகிறார்.

சுருக்கம் குட்டையாக இருந்தால் திசுப் பொறியியலே தேவையில்லை. கெட்ட பகுதியை வெட்டிவிட்டு இரு முனைகளையும் இழுத்துச் சேர்த்துத் தைத்துவிடலாம். வளர்ந்தவர்களில் ஏறத்தாழ பாதி நீளம் வரை, குழந்தைகளில் மூன்றில் ஒரு பங்கு வரை இப்படி எடுக்க முடியும். நல்ல கைகளில் இது மிக நல்ல சிகிச்சை. அதற்கு மேல் வெட்டினால் தையலில் இழுவிசை ஏறும், ரத்த ஓட்டம் குறையும், தையல் விட்டுப்போகும். மாற்றுக் குழாய் என்ற பேச்சு இந்த எல்லையைத் தாண்டியவர்களுக்கு மட்டுமே.

திசுப் பொறியியலின் அடிப்படை

கட்டடத்துக்குச் சாரம் கட்டுவதுபோல முதலில் ஒரு சட்டகம். அதன்மேல் நோயாளியின் சொந்த செல்கள். அவை பிடித்து வளர ஏற்ற சூழல். மூன்றும் சேர்ந்தால் உடல் ஒதுக்காத ஓர் உறுப்பு கிடைக்கும் என்பது கணக்கு.

சட்டகத்துக்கு ஒரு வழி, இறந்தவர் தானமாகத் தந்த மூச்சுக்குழாயிலிருந்து செல்களை மட்டும் கழுவி நீக்குவது. உடல் நம்முடையதா அந்நியமா என்று பார்ப்பது பெரும்பாலும் செல்களைத்தான். செல்களைத் தாங்கிய கொலாஜன் வலையை அவ்வளவாகக் கண்டுகொள்வதில்லை. கழுவும் முறை இப்படிப் போகும். குழாயைச் சுற்றியுள்ள கொழுப்பையும் இணைப்புத் திசுவையும் சுரண்டி எடுத்துவிட்டு, 4 டிகிரி குளிரில் காய்ச்சி வடித்த நீரில் ஊறப்போடுவார்கள். நீர் உள்ளே புகுந்து செல்கள் ஊதி வெடிக்கும். அடுத்து 4% சோடியம் டியாக்ஸிகோலேட் கரைசலில் 4 மணி நேரம். இது சோப்பு போன்றது, செல்லின் கொழுப்புச் சவ்வைக் கரைக்கும். பிறகு உப்புக் கரைசலில் கலந்த டிஎன்ஏஸ் என்ற நொதியில் 3 மணி நேரம். வெளியே சிந்திய டிஎன்ஏ இழைகளை இது நறுக்கும். இது ஒரு சுற்று. சளிப்படலம் ஓரிரு சுற்றுகளிலேயே போய்விடும். குருத்தெலும்புச் செல்கள் அடர்ந்த கூட்டுக்குள் ஒவ்வொன்றாக அடைபட்டுக் கிடப்பதால் எளிதில் வெளியே வராது. 2008இல் பார்சலோனாவில் ஒரு நோயாளிக்குப் பொருத்திய குழாய்க்கு (அந்தக் கதை பின்னால் வரும்) 25 சுற்றுகள், 6 வாரம் ஆனது.

போதுமான அளவு கழுவியாயிற்று என்று எப்படித் தெரியும்? துறையில் பரவலாக ஏற்கப்பட்ட அளவுகோல்கள் உண்டு: உலர் எடையில் ஒரு மில்லிகிராமுக்கு 50 நானோகிராமுக்குக் குறைவான டிஎன்ஏ, மிஞ்சிய துண்டுகள் 200 கார இணைகளுக்கு (டிஎன்ஏ ஏணியின் படிகள்) குறைவாகக் குட்டையாக இருப்பது, சாயமிட்டுப் பார்த்தால் செல் உட்கரு எதுவும் கண்ணில் படாதது. கோளாறு என்னவென்றால், இந்த இலக்கை எட்டும் அளவுக்குக் கழுவினால் குருத்தெலும்புக்கு விறைப்புத் தரும் சர்க்கரைப் புரதங்களும் சேர்ந்து கரைந்துவிடுகின்றன. குறைவாகக் கழுவினால் உடல் எதிர்க்கும். அதிகமாகக் கழுவினால் குழாய் தொய்ந்து மூச்சிழுக்கும்போது மடங்கும். இரண்டுக்கும் நடுவே மிகக் குறுகிய இடமே இருக்கிறது.

அடுத்தது செல்கள். உட்புறப் படலத்துக்கு மூக்கிலிருந்தோ நுரையீரல் கிளைக்குழாயிலிருந்தோ சிறு துண்டு எடுத்து வளர்ப்பார்கள். தட்டில் பெருக்குவது எளிது. நுண்மயிர் முளைக்க வைக்க மேற்பக்கம் காற்றும் கீழ்ப்பக்கம் ஊட்டநீரும் படும்படி மூன்று நான்கு வாரம் வைத்திருக்க வேண்டும். வெளிப்புறத்துக்கு மூக்கின் நடுத்தண்டு, காது, விலா ஆகியவற்றின் குருத்தெலும்புச் செல்கள், அல்லது எலும்பு மஜ்ஜையின் ஸ்டெம் செல்கள். குருத்தெலும்புச் செல்லைத் தட்டையான தட்டில் திரும்பத் திரும்பப் பெருக்கினால் அது தன் குணத்தை மறந்துவிடும்: குருத்தெலும்புக்குரிய இரண்டாம் வகைக் கொலாஜனை விட்டுவிட்டு, தழும்பில் இருக்கும் முதல் வகையைச் சுரக்கத் தொடங்கும். எண்ணிக்கை கிடைக்கிறது, தரம் போகிறது.

செல்கள் ஏற்றிய குழாயை உயிர்வினைக் கலத்தில் வைப்பார்கள். உள்ளே ஒரு வகை செல்லுக்கான ஊட்டநீர், வெளியே இன்னொரு வகைக்கு. குழாய் கிடைமட்டமாக மெதுவாகச் சுழலும், வெளிப்பக்கம் மாறிமாறி நீரிலும் காற்றிலும் படும். பார்சலோனாவில் 96 மணி நேரம் இப்படி வைத்தார்கள்.

இப்போது அந்த 3 மி.மீ. சுவருக்குத் திரும்புவோம். ஊறிப் பரவும் ஆக்சிஜனை நம்பி ஒரு செல் உயிர் வாழ வேண்டுமானால், ரத்தத் தந்துகியிலிருந்து 0.1 முதல் 0.2 மி.மீ. தூரத்துக்குள் இருக்க வேண்டும். கலத்தில் ஊட்டநீர் இரு பக்கமும் தொட்டுக்கொண்டிருக்கும்வரை மேற்பரப்பிலுள்ள செல்கள் பிழைக்கும். உடலுக்குள் வைத்த மறுநிமிடம் அந்த நீர் இல்லை. புதிய நாளங்கள் வெளியிலிருந்து முளைத்து உள்ளே வரப் பல நாட்கள், வாரங்கள் ஆகும். அதற்குள் ஏற்றிய செல்களில் பெரும்பகுதி செத்துவிடும். மிஞ்சுவது செல் இல்லாத சட்டகம். அதன் உட்புறம் மூச்சுக்காற்றுக்குத் திறந்து கிடக்கும்.

பார்சலோனாவும் ஸ்டாக்ஹோமும்

2008 ஜூனில் பார்சலோனாவில், காசநோயால் இடது பெருங்கிளைக்குழாய் சுருங்கிப்போன ஒரு பெண்ணுக்கு, மேலே சொன்ன முறையில் தயாரித்த குழாயைப் பாவ்லோ மக்கியாரினி என்ற அறுவை மருத்துவர் பொருத்தினார். உலகச் செய்தியானது. ஆனால் அந்தப் பெண்ணுக்கு ஸ்டென்ட் (வழி மூடாமல் உள்ளிருந்து தாங்கும் சிறு குழாய்) தேவைப்பட்டுக்கொண்டே இருந்தது. 2016இல் அந்த இடது நுரையீரலையே எடுக்க நேர்ந்தது. வெற்றி என்று சொன்ன கட்டுரையை லான்செட் மருத்துவ இதழ் 2023இல் திரும்பப் பெற்றது.

அடுத்து மக்கியாரினி தானக் குழாயையும் விட்டு பிளாஸ்டிக்குக்குப் போனார். 2011 ஜூனில் ஸ்டாக்ஹோமின் கரோலின்ஸ்கா மருத்துவமனையில், நுண்துளைகள் கொண்ட பாலிமர் குழாயில் நோயாளியின் எலும்பு மஜ்ஜைச் செல்களை ஏற்றி, சுமார் ஒன்றரை நாள் கலத்தில் வைத்துப் பொருத்தினார். அந்தப் பிளாஸ்டிக் நாளடைவில் உயிருள்ள மூச்சுக்குழாயாக மாறும் என்று அறிவிக்கப்பட்டது. அது எப்படி நடக்கும்? பிளாஸ்டிக் சுவரில் நாளம் புகாது. நாளம் இல்லாமல் படலம் பரவாது. அடுத்திருக்கும் நல்ல குழாயிலிருந்து படலம் ஊர்ந்து வந்தாலும் இரண்டு மூன்று சென்டிமீட்டரைத் தாண்டுவது அரிது. மஜ்ஜைச் செல் நுண்மயிர்ச் செல்லாக மாறும் என்பதற்கும் ஆதாரம் இல்லை. நடந்தது வேறு: இணைப்புகளில் சதை வளர்ச்சி, தையல் விலகல், தொற்று, ரத்தக்கசிவு. முதல் நோயாளி 2014 ஜனவரியில் இறந்தார். கரோலின்ஸ்காவில் பிளாஸ்டிக் குழாய் பெற்ற மூவரும் இன்று உயிருடன் இல்லை.

போதுமான விலங்குச் சோதனை இல்லாமலே இது மனிதர்களிடம் செய்யப்பட்டது. அதே மருத்துவமனையின் 4 மருத்துவர்கள் பதிவேடுகளைக் கட்டுரைகளோடு ஒப்பிட்டு 2014இல் புகார் கொடுத்தார்கள். 2015இல் வெளி ஆய்வாளர் முறைகேடு என்று சொன்ன பிறகும் நிறுவனம் மக்கியாரினியைக் காப்பாற்றியது. இறுதியில் 2018இல் பிளாஸ்டிக் குழாய்க் கட்டுரைகள் திரும்பப் பெறப்பட்டன. 2023இல் ஸ்வீடன் மேல்முறையீட்டு நீதிமன்றம் அவருக்கு இரண்டரை ஆண்டு சிறை விதித்தது. இதில் இறந்தவர்களுக்கு இழைக்கப்பட்டது சாதாரண அநீதி அல்ல. ரத்தம் எங்கிருந்து வரும் என்ற முதல் வகுப்புக் கேள்வியை அறுவை அரங்குக்குப் போகும் முன்பே யாராவது உரத்துக் கேட்டுப் பதில் வாங்கியிருக்க வேண்டும். பெல்ஜிய மருத்துவர் பியர் டெலேர் போன்ற சிலர் கேட்கவும் செய்தார்கள்.

ரத்தத்தை முதலில் கவனித்தவர்கள்

டெலேர் குழு, லூவன் நகரில் எடுத்த வழி பொறுமையானது. தானமாக வந்த மூச்சுக்குழாயை நேராகக் கழுத்தில் வைக்கவில்லை. நோயாளியின் முன்கையில் தோலுக்கடியில், ரத்தம் நிறைந்த சவ்வால் சுற்றி வைத்தார்கள். அங்கே நாளங்கள் மெல்ல உள்ளே புகுந்தன. உட்புறத்தில் நோயாளியின் சொந்தக் கன்னத்து உட்தோலையும் ஒட்டினார்கள். நான்கு மாதத்தில் குழாய்க்கு முழுப் படலமும் ரத்தமும் கிடைத்தன. எதிர்ப்பாற்றலை அடக்கும் மருந்தை நிறுத்திவிட்டு, முன்கைத் தமனியோடு சேர்த்து எடுத்துக் கழுத்தில் பொருத்தினார்கள். 2010இல் வெளியானது இது. முன்கையை உயிர்வினைக் கலமாகப் பயன்படுத்தினார்கள் என்று சொல்லலாம். ஆய்வகக் கலத்தில் இல்லாத ஒன்று, ஓடும் ரத்தம், அங்கே இருந்தது.

பாரிஸ் பக்கம் இம்மானுவேல் மார்டினோ குழு மூச்சுக்குழாயையே தேடவில்லை. இறந்தவர்களின் பெருந்தமனித் துண்டை உறையவைத்துச் சேமித்து, உள்ளே ஸ்டென்ட் வைத்துப் பொருத்தியது. திசுப் பொருத்தமும் பார்க்கத் தேவையில்லை, எதிர்ப்பாற்றலை அடக்கும் மருந்தும் வேண்டாம். 13 நோயாளிகளின் முடிவுகள் 2018இல் வெளியாயின. சராசரியாக ஒன்றரை ஆண்டில் ஸ்டென்டை எடுக்க முடிந்தது, தமனித் துண்டின் இடத்தில் நுண்மயிர்ப் படலமும் குருத்தெலும்பும்கூடத் தோன்றின. இங்கே உடலே கலம். தமனித் துண்டு மெல்லியதாகவும் நாளம் புகக்கூடியதாகவும் இருந்தது. சுற்றியிருந்த தசை மடல் ரத்தம் தந்தது. உடல் தன் செல்களை அனுப்பும்வரை ஸ்டென்ட் வழியைத் திறந்து வைத்திருந்தது.

2021 ஜனவரியில் நியூயார்க் மவுண்ட் சினாய் மருத்துவமனை, தானம் தந்தவரின் மூச்சுக்குழாயோடு தைராய்டையும் உணவுக்குழாயின் ஒரு பகுதியையும் சேர்த்தெடுத்து, அவற்றின் நாளங்கள் வழியாக நீண்ட மூச்சுக்குழாய்க்கு உடனடி ரத்த ஓட்டம் கொடுத்தது. அங்கே எதிர்ப்பாற்றலை அடக்கும் மருந்து தேவை. புற்றுநோயாளிகளுக்கு அந்த மருந்து ஆபத்து என்பதால் எல்லோருக்கும் இது பொருந்தாது.

சின்ன இலக்குகள்

முழுக் குழாயை விட்டுவிட்டு ஓர் ஓட்டையை மட்டும் அடைக்கலாம் என்று போனவர்களுக்குப் பலன் சீக்கிரம் கிடைத்திருக்கிறது. கியோட்டோவில் ஓமோரி, நகாமுரா குழுவினர் பாலிப்ரொப்பிலீன் வலையில் கொலாஜன் பூசிய ஒட்டுத்துண்டை 2002இலேயே தைராய்டுப் புற்று நோயாளிக்கு வைத்தார்கள். சுற்றிலும் நல்ல திசு இருப்பதால் படலம் பரவ வேண்டிய தூரம் குறைவு. மிச்சிகனில் 2012இல், இடது பெருங்கிளைக்குழாய் தொய்ந்து அடைத்துக்கொண்ட ஒரு குழந்தைக்கு, முப்பரிமாண அச்சில் செய்த பாலிகேப்ரோலாக்டோன் என்ற பிளாஸ்டிக் கவசத்தை வெளியிலிருந்து சுற்றித் தைத்தார்கள். உட்புறத்தைத் தொடவே இல்லை. குழந்தையின் சொந்தப் படலமும் ரத்தமும் அப்படியே. மூன்று ஆண்டு வாக்கில் கவசம் கரைந்துவிடும், அதற்குள் குழாய் வலுப்பெறும். வேலை செய்யும் பகுதியை விட்டுவிட்டு, குறைந்ததை மட்டும் கொடுத்த இந்த யோசனை எனக்கு இந்தத் துறையிலேயே மிகத் தெளிவானதாகப் படுகிறது. சியோலில் 2023இல், வேறொருவரின் மூக்குச் செல்களைக் கலந்து அச்சிட்ட துண்டு ஒன்று பொருத்தப்பட்டது. அது நீண்ட காலத்தில் எப்படி இருக்கும் என்பதை ஆண்டுகள்தான் காட்டும்.

ஆய்வகங்களில் இப்போது நடப்பவற்றில் பாதிக் கழுவல் என்ற முறை கவனிக்கத்தக்கது. எதிர்ப்பைத் தூண்டும் உட்படலத்தை மட்டும் நீக்கிவிட்டு, குருத்தெலும்புச் செல்களை உயிரோடு விட்டுவிடுகிறார்கள். குருத்தெலும்புக்குள் நாளம் இல்லாததால் எதிர்ப்புச் செல்கள் உள்ளே நுழைவது கடினம், விறைப்பும் குறையாது. எலிகளில் நன்றாக இருக்கிறது. எலியின் மூச்சுக்குழாய்ச் சுவர் மிக மெல்லியது, அதனால் ஆக்சிஜன் ஊறுவதும் எளிது என்பதை மறக்கக் கூடாது.

இன்று நீண்ட சுருக்கத்தோடு வரும் நோயாளிக்கு மருத்துவர் தரக்கூடியது பெரும்பாலும் சிலிகோன் டி-டியூப், விரிவாக்கம், லேசர், ஸ்டென்ட் இவைதான். டி-டியூபின் ஒரு கை கழுத்துக்கு வெளியே நிற்கும். அதை மூடிவைத்தால் பேசலாம், திறந்து சளியை உறிஞ்சி எடுக்கலாம். காய்ந்த சளி அடைக்காமலிருக்கத் தினமும் உப்புநீர் விட்டுச் சுத்தம் செய்ய வேண்டும். பார்க்க அழகில்லை, ஆனால் ஆண்டுக்கணக்கில் பலரை மூச்சுவிட வைத்திருக்கிறது. வலையாலான உலோக ஸ்டென்டைப் புற்று அல்லாத சுருக்கத்தில் வைக்கும் முன் நன்றாக யோசிக்க வேண்டும். சதை அதற்குள் வளர்ந்து பிடித்துக்கொண்டால் எடுப்பது பெரும் பாடு, நல்ல பகுதியும் சேர்ந்து கெடும், பிறகு வெட்டித் தைக்கும் வாய்ப்பும் போய்விடலாம்.

புதிய மூச்சுக்குழாய் பொருத்தப்பட்டது என்ற செய்தி இனியும் வரும். அப்போது பார்க்க வேண்டியவை: முழுவட்டமா, ஒட்டுத்துண்டா? எத்தனை செ.மீ.? அதற்கு ரத்தம் எந்த நாளத்திலிருந்து வருகிறது? பிராங்கோஸ்கோப்பில் நுண்மயிர்ப் படலம் தெரிந்ததா, எத்தனை மாதம் கழித்து? கடைசியாக, ஸ்டென்டை எடுத்துவிட்டார்களா? ஸ்டென்ட் இன்னும் உள்ளே இருக்கிறதென்றால், நோயாளி மூச்சுவிடுவது அந்த ஸ்டென்டின் தயவில்தான்.